ஆயிரத்து நூறு மிதி

ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலையில் வாகைநேரிக்கும் ஆலடிமுக்குப் பஞ்சு மில்லுக்கும் நடுவே கிடந்த ஆறு கிலோமீட்டர் ரோடு இரண்டு கிலோமீட்டராகச் சுருங்கிப் போயிருந்தது. அதை முதலில் கண்டுகொண்டவர் பஸ் கண்டக்டர் ஆவுடையப்பன்தான், ஏனென்றால் அவர் முன்பக்கம் தொடங்கி நாலாவது சீட்டுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் மில் கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டார், மிச்சமிருந்த முப்பது பேரும் டிக்கெட் வாங்காமலே இறங்கி, 'நாங்க என்ன செய்ய அண்ணாச்சி, எடம் வந்துட்டுல்லா' என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

ரோட்டில் இருந்த எதுவும் காணாமல் போகவில்லை. இருநூற்றுப் பதினாலு புளியமரமும் இருந்தன, ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நின்றன, அவ்வளவுதான். ஆறு கிலோமீட்டர் கல்லும் இருந்தன, செங்கல் சூளை இருந்தது, ஓடைப் பாலம் இருந்தது, பாலத்தை ஒட்டி டீக்கடை இருந்தது. இருபக்கத்து வயல்களும் வரப்பு பிசகாமல் அப்படியே இருந்தன. ரோடு மட்டும் துவைத்த கைலி மாதிரி உள்வாங்கியிருந்தது.

ஊர் மூன்று நாள் அதைப் பற்றிப் பேசியது, நாலாம் நாள் அதற்குத் தக்கபடி எழுந்து அதற்குத் தக்கபடி உலை வைத்தது. மகளை ஆலடிமுக்கில் கட்டிக்கொடுத்திருந்த தாய்மார்கள் அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டு ஓர் எட்டுப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்து புளி சரியாக இருக்கிறதா என்று ருசி பார்த்தார்கள், ஆலடிமுக்கு மாமியார்கள் பகலிலும் வாசற்கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். பாலத்து டீக்கடை எல்லோருக்கும் பக்கமாகிவிட்டதால் அங்கே நிற்க யாருக்கும் தோன்றவில்லை. சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அழுகை சூடு பிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதால், இது செத்தவருக்கு மரியாதையில்லை என்று பாடையோடு ஊர் எல்லைவரை திரும்பி வந்து மறுபடியும் போனார்கள். அந்த வாரத்திலேயே மூன்று நடை போவது வழக்கமாகிவிட்டது, அடுத்த வாரம் அது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம் என்று ஒருவர் சாதித்தார், யாரும் மறுத்துப் பேசவில்லை.

தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். கணக்கில் ஆறு, தரையில் இரண்டு. குறைந்த நாலு கிலோமீட்டரை யாராவது எடுத்திருக்கத்தான் வேண்டும் என்பதால் ரோட்டை ஒட்டி நிலம் வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. அவர்கள் வைக்கோல் படப்புக்கு அடியிலும் பம்புசெட் அறையிலும் தேடிப் பார்த்துவிட்டு, எங்களிடம் இல்லை என்று கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள்.

இதனால் நிஜமாகவே நஷ்டப்பட்டது இரண்டே பேர்தான், மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்த வெயிலுமுத்துவும் அவன் மனைவி சண்முகக்கனியும். இரண்டு பேரும் ஒரே ஷிப்டு, ஒரே சைக்கிள்; அவன் மிதிப்பான், அவள் பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொள்வாள். வாகைநேரி வீட்டில் அவர்களோடு சேர்த்துப் பதினோரு பேர், ஒரு கூடம், ஒரு மச்சு, வாயைத் திறந்தால் பதினோரு பேருக்கும் பங்கு. மில்லுக்குள் மெஷின் இரைச்சலில் பேச்சே கிடையாது, நூல் அறுந்துவிட்டது என்றாலும் தலை வலிக்கிறது என்றாலும் கையால்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கல்யாணம் முடித்து வாழ்ந்த ஏழு வருடமும் அந்த ஆறு கிலோமீட்டரில்தான் நடந்தது. அதிலும் வெயிலுமுத்துவுக்கு ஒரு குணம், முகத்தைப் பார்த்தால் பேச வராது. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டும் அவள் வயலைப் பார்த்துக்கொண்டும் இருந்தால்தான் வரும், அதுவும் கால் சுற்றச் சுற்றத்தான் வாய் சுற்றும்.

தனியாகப் போவோமா என்று பல தடவை கேட்டுப் பார்த்தவள்தான் சண்முகக்கனி. ரோடு சுருங்குவதற்கு முந்தின நாள்தான் மில்லை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்று காலியாகப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். பத்துக்குப் பத்து, ஓடு போட்டது, வாசலில் குழாய். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆவணி ஒன்றாம் தேதி பால் காய்ச்சலாம், ஆனால் ஆடி முடிவதற்குள் மில் ஆபீஸில் பெயர் கொடுத்தாக வேண்டும், பெயரைப் புருஷன்தான் கொடுக்க வேண்டும், பெண்டாட்டியும் அதே மில்லில் வேலை பார்த்தாலும் அவள் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அவள் எடுத்த எடுப்பில் எதையும் கேட்கிறவள் இல்லை. தக்காளி, கொழுந்தன் பிள்ளைக்குக் காய்ச்சல், அத்தை சொன்னது, மேஸ்திரி சொன்னது என்று வரிசையாக வந்து கடைசியில் மெதுவாகத்தான் பெரிய விஷயத்தில் கால் வைப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அத்தை சொன்னதுக்கு வரும்போதே மில் கேட் வந்துவிட்டது. புதன்கிழமையும் வந்துவிட்டது.

இறங்கி நடந்து பார்த்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நடந்ததில் அவள் முகம் அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, இரண்டு கிலோமீட்டரும் இருமிக்கொண்டே வந்தான். மெதுவாக மிதித்துப் பார்த்தார்கள். இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் பாய்கிற வண்டி, இரண்டு ஆளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் மெதுவாக்கினால் சாய்கிறது. செங்கல் சூளைக்கு எதிரே தூக்குச்சட்டியோடு விழுந்தார்கள், சாம்பார் ரோட்டில் போயிற்று.

அன்று சாயங்காலமே சண்முகக்கனி சூசைமிக்கேலின் சைக்கிள் கடைக்குப் போய் நின்றாள். சூசைமிக்கேல் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஸ்லோ சைக்கிள் ரேஸில் ஒன்பது வருடம் தொடர்ந்து ஜெயித்தவர், அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததற்காகக் கிடைத்தவை. டிக்கெட் கிழிக்க நேரம் இல்லாமல் வேலையில் ருசி போய்விட்ட கண்டக்டர் ஆவுடையப்பனும் ட்யூட்டி முடிந்து அங்கேதான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எங்களுக்கு ஒரு வண்டி வேணும். மெதுவாப் போகணும்."

"அதுக்கு எதுக்குத் தங்கச்சி வண்டி? பிரேக்கப் பிடி."

"கால் நிக்கக் கூடாது. கால் சுத்திக்கிட்டே இருக்கணும், வண்டி போகக் கூடாது."

ஆவுடையப்பன் சிரித்தார். "அவனவன் சீக்கிரம் போக மோட்டார் கேக்கான், நீ போகாம இருக்க வண்டி கேக்க. பேசாம ஆட்டு உரல வாங்கி வீட்டுல வச்சுக்கோ தாயி."

"நீங்க டிக்கெட்டக் கிழிச்சு முடிச்சிட்டு வந்து பேசுங்க அண்ணாச்சி," என்றாள் அவள். ஆவுடையப்பன் பையைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார்.

சூசைமிக்கேல் சிரிக்கவில்லை. போய்ச் சேராமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் தெரியும். அவர் சிமெண்டுத் தரையைப் பெருக்கிவிட்டு சாக்பீஸ் எடுத்துக் குனிந்து, முதலில் இரண்டு சின்ன வட்டம் போட்டார். பதினாறு இஞ்ச், பிள்ளைகள் ஓட்டுகிற வண்டியின் சக்கரம். சக்கரம் சின்னதானால் மட்டும் போதாது, முன்னால் இருக்கிற பல்சக்கரமும் சின்னதாக வேண்டும், பின்னால் இருக்கிற ப்ரீவீல் என்கிற பல்சக்கரம் பெரிதாக வேண்டும், அப்போதுதான் கால் நிறைய சுற்றி வண்டி கொஞ்சமாக நகரும். ஆனால் சின்ன வண்டி மெதுவாகப் போனால் ஆடும், அதனால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நீளம் விட வேண்டும், சீட்டும் கேரியரும் தாழ்ந்திருக்க வேண்டும். பிள்ளை சக்கரத்தில் இருபத்தெட்டு கம்பிதான் இருக்கும், இரண்டு ஆள் கனத்துக்கு அது கோட்டம் விழுந்துவிடும், ரிம்மில் முப்பத்தாறு ஓட்டை புதிதாகப் போட வேண்டும். எல்லாவற்றையும் தரையில் வரைந்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"எத்தன பல்லுன்னு கணக்குப் போடணும்னா, பழைய ரோட்டுல மொத்தம் எத்தன மிதின்னு தெரியணும். எண்ணியிருக்கியா?"

"யாரு அண்ணாச்சி எண்ணுவா."

ஊரில் ஒருவரும் எண்ணியிருக்கவில்லை. ஆனால் சண்முகக்கனிக்கு ஒன்று தெரியும், தக்காளியும் காய்ச்சலும் ஓடைப் பாலம்வரை, அத்தை செங்கல் சூளைவரை, மேஸ்திரி நாலாங்கல்வரை, பெரிய விஷயம் ஐந்தாங்கல்வரை, அதற்கப்புறம் கேட்வரை அவன் பதில். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசைமிக்கேல் கடை திறந்ததும், பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலில் சிவப்புத் துணி கட்டி, வெயிலுமுத்துவை அதைக் கையால் சுற்றச் சொல்லி, அவளை ஒரு நாள் காலைப் பேச்சை முழுசாகப் பேசச் சொன்னார்கள். கேட்காமல் இருப்பதற்காக சூசைமிக்கேல் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத் துணி சுற்றுவதை மட்டும் எண்ணினார். ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டார், ஒரு காதை மட்டும்.

அவள் சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள். தக்காளி அழுகியது, காய்ச்சல் இறங்கியது, அத்தை ஒரு வார்த்தை சொன்னது, மேஸ்திரி இரண்டு வார்த்தை சொன்னது. வெயிலுமுத்து வழக்கம்போல அங்கங்கே 'ம்' போட்டுக்கொண்டு சுற்றினான். எழுநூறு தாண்டியதும் அவள் குரல் மாறாமலே சொன்னாள்: "இங்கேருங்க, மில்லு லைன்ல ஒரு வீடு காலியாகுதாம். ஆடிக்குள்ள பேர் குடுக்கணுமாம். நாம ரெண்டு பேரும் தனியாப் போயிருவமா?"

பெடல் நின்றது.

"கைய நிறுத்தாதடே, கணக்கு போயிரும்!" என்று சூசைமிக்கேல் ரேடியோவுக்கு மேலே கத்தினார். அவன் சுற்றினான். அவள் வீட்டின் நீள அகலம், குழாய், ஓடு, மழைக்கு ஒழுகாது என்பதுவரை சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

சூசைமிக்கேல் ரேடியோவை அணைத்தார். "தொள்ளாயிரம். முடிஞ்சுதா?"

"எம்பங்கு முடிஞ்சுது. இனி அவுக சொல்லணும்."

"அதுக்கு எத்தன மிதி போடட்டும்?"

"அவுகளையே கேளுங்க."

வெயிலுமுத்து விரலில் இருந்த கிரீஸைப் பார்த்தான். "ஒரு எரநூறு போடுங்க அண்ணாச்சி."

"எரநூறா!" என்றாள் அவள் டயர்களிடம். "ஏழு வருசமா கேட்டதுக்கு 'ம்'முக்கு மேல பதில் வந்ததில்ல, எரநூறாம்."

ஆயிரத்து நூறு என்று சூசைமிக்கேல் தரையில் எழுதி அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார். இரண்டு கிலோமீட்டரில் ஆயிரத்து நூறு மிதி என்றால் முன்னால் இருபத்தெட்டு பல், பின்னால் இருபது. முன்பல் பிள்ளை சைக்கிளில் கிடைத்தது, பின்பல்லைப் பாரம் ஏற்றுகிற மூன்று சக்கரத் தட்டு வண்டி ஒன்றிலிருந்து கழற்றினார். அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்கள் அந்த வரைபடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள், பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் குந்தி உட்கார்ந்து, கேரியரை இன்னும் இரண்டு விரல் உயர்த்தினால் தங்கச்சிக்குக் கால் தரையில் தட்டாதே, சீட்டுக்கு ஸ்பிரிங் வேண்டாமா என்று ஆளுக்கொரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கு அந்த வண்டி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெயிலுமுத்துவின் அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை, ஊர் அதைத் தானாகவே முடிவு செய்துகொண்டது.

அந்த மூன்று வாரமும் பழைய வண்டியில் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, "என்னங்க, நாள் போகுதே" என்றாள்.

"வண்டி வரட்டும், ரோட்டுல பேசிக்கிடுவோம்," என்றான். மில் கேட் வந்தது, அவன் இறங்கினான், அவனுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

ஆடி முப்பதாம் தேதி சாயங்காலம் வண்டி முடிந்தது. பழைய லேடீஸ் சைக்கிளின் பிரேமை அறுத்து நீட்டிப் பற்ற வைத்து, நீலப் பெயிண்ட் அடித்து, இரண்டு கால் ஸ்டாண்டு போட்டு, ஆட்டுக்குட்டி மாதிரி உயரத்தில், கழுதை மாதிரி நீளத்தில் நின்றது. சூசைமிக்கேல் அதை ஏறி ஓட்டிப் பார்த்து, அவரது ஒன்பது வருட அனுபவத்தில் இவ்வளவு அருமையாகப் போகாத வண்டியை ஓட்டியதில்லை என்றார்.

மறுநாள், பெயர் கொடுக்கக் கடைசி நாள், காலையில் ரோடு பழையபடி ஆறு கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டிருந்தது.

புளியமரங்கள் தள்ளி நின்றன, பாலத்து டீக்கடைக்காரர் கூடுதலாக ஒரு படி பால் ஊற்றினார், ஆக்கிரமிப்பு முழுதும் அகற்றப்பட்டது என்று தாலுகா ஆபீஸில் எழுதிக் கோப்பை மூடினார்கள். சுடுகாட்டுக்கு மூன்று நடை போகும் வழக்கம் மட்டும் நின்றுவிட்டதா இல்லையா என்று தெரிய, அடுத்து யாராவது சாக வேண்டியிருந்தது.

வெயிலுமுத்துவும் சண்முகக்கனியும் ஊர் எல்லையைத் தாண்டின பிறகுதான் கவனித்தார்கள். திரும்பிப் போய்ப் பழைய வண்டியை எடுத்து வர நேரமில்லை. அவன் மிதித்தான். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள், தக்காளி, கொழுந்தன் பிள்ளை, அத்தை, மேஸ்திரி. தொள்ளாயிரம் மிதிக்குள் வரிசை தவறாமல் எல்லாவற்றையும் பேசி, வீட்டைக் கேட்டு, குழாயைச் சொல்லி, ஓட்டைச் சொல்லி, நிறுத்தினாள்.

இனி அவனுடைய இருநூறு. அவன் ப்ரீவீலைப் பற்றிச் சொன்னான், இருபது பல் என்பதால் செயின் சத்தமே இல்லை பார் என்றான். பெயிண்ட் நல்ல பெயிண்ட் என்றான். இந்த வருடம் காற்று ஜாஸ்தி என்றான். இருநூறு மிதியைப் பேச்சால் நிரப்புவது அவனுக்குப் புதிதில்லை, பழைய ரோட்டில் எந்த மரத்தில் ஆரம்பித்து எதைப் பேசினால் பதில் சொல்லுமுன் கேட் வரும் என்று காலுக்கே தெரியும், ஏழு வருடம் அப்படித்தான் வந்திருக்கிறான், அவளும் அது தெரிந்துதான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஆயிரத்து நூறாவது மிதியில் அவன் நிமிர்ந்து இறங்கப் பார்த்தான்.

ரோடு இருந்தது. இரண்டாங்கல்தான் வந்திருந்தது. ஓடைப் பாலம்கூட வரவில்லை.

பின்னாலிருந்து பஸ் வந்தது. ஆவுடையப்பன் படியில் தொங்கிக்கொண்டு, இரண்டு கை நிறைய டிக்கெட்டோடு, வெகுநாள் கழித்து முகம் மலர்ந்து, "என்ன வெயிலு, ஆவணி பொறந்திரும் போலிருக்கே! எறங்கித் தள்ளுடே!" என்று கத்திக்கொண்டே போனார்.

அவன் மழையைப் பற்றிச் சொன்னான். சம்பா நெல்லைப் பற்றிச் சொன்னான். ஆவுடையப்பன் ஏன் இப்படி இளைத்துப் போனார் என்று கேட்டுவிட்டு அவனே பதில் சொன்னான். பாலம் வந்தது, போயிற்று. அதற்குள் அவனிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. இதற்குமுன் அவன் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. செயின் நிஜமாகவே சத்தம் போடவில்லை. கால் சுற்றிக்கொண்டே இருந்தது, கால் சுற்றினால் வாய் திறந்தாக வேண்டும்.

"வீட்டுக்குள்ள வச்சு எனக்குப் பேச வராது, கனி," என்றான்.

அவள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்கும் அந்த வீட்டுக்கும் அம்பதடிதான். அங்க போனா நமக்கு ரோடு கெடையாது. நாலு செவுத்துக்குள்ள உன் மூஞ்சிய நான் பாக்கணும், என் மூஞ்சிய நீ பாக்கணும். ரெண்டு நாள்ல நான் ஊமைன்னு உனக்குத் தெரிஞ்சு போகும். இங்க பதினோரு பேரு இருக்கதுனால தெரியல."

நாற்பது ஐம்பது மிதி போயிற்று.

"இதத்தான் இத்தன வருசமா சொல்லாம வந்தீகளா?"

"ம்."

"நான் அத்தைக்குப் பயந்துக்கிட்டு இருக்கீகன்னு நெனச்சேன்."

"அதுவுந்தான்."

அவள் சிரித்ததில் கேரியர் குலுங்கியது, நீளமாக வைத்த வண்டி என்பதால் சாயவில்லை. பிறகு அவள் கை நீட்டி, வண்டி அகலத்தை ஒரு சாண் என்றும், நீளத்தை இத்தனை முழம் என்றும், உட்கார்ந்தபடியே அளந்து பார்த்தாள்.

"பேரக் குடுங்க," என்றாள். "வண்டிய உள்ள ஏத்திருவோம்."

அவர்கள் கேட்டுக்கு வந்தபோது சங்கு ஊதி அரைமணி நேரம் ஆகியிருந்தது, அரை ஷிப்டுக் கூலி போயிற்று. வாட்ச்மேன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதற்குப் பேசாமல் நடந்தே வந்திருக்கலாமே என்றார். நடந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு வெயிலுமுத்து ஆபீஸுக்குப் போய், தன் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான்.

ஆவணி ஒன்றாம் தேதி பால் காய்ச்சினார்கள். வெயிலுமுத்துவின் அம்மா வந்து, வீட்டைப் பார்த்து, ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது என்று சொல்லி நாலு குடம் பிடித்துக் குளித்துவிட்டுப் போனார். பெரிய சைக்கிள் அந்த அறைக்குள் நுழைந்திருக்காது. நீலவண்டி அடுப்புக்கும் பாய்ச்சுருளுக்கும் நடுவில் அளந்து செய்தது போல உட்கார்ந்துகொண்டது. ஷிப்டு முடிந்து வந்து முகம் கழுவியதும் இரண்டு கால் ஸ்டாண்டைப் போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிற்க, அவன் ஏறி மிதிப்பான், அவள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்குவாள். அவன் எதிர்ச் சுவரைப் பார்ப்பான், அவள் கதவைப் பார்ப்பாள். லைனில் இருந்தவர்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள், பிறகு அந்த நேரத்தை வைத்து உலை வைக்கப் பழகிக்கொண்டார்கள், வெயிலு வீட்டில் மிதிக்க ஆரம்பித்தாயிற்று, அரிசியைக் களை என்பார்கள்.

அடுத்த ஆடியில் சூசைமிக்கேல் செயினுக்கு எண்ணெய் போட வந்தார். இந்த வீட்டுக்கு வந்தபிறகு வெளியே ஒருநாள்கூட எடுத்ததில்லை அண்ணாச்சி என்று வெயிலுமுத்து சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்க நேர்ந்துவிட்டதால் காபி வாங்க வெளியே போய்விட்டான். சூசைமிக்கேல் குனிந்து பார்த்தார். முன் டயர் கடையில் வாங்கிய அன்று இருந்தபடி இருந்தது. பின் டயர் நூல் தெரியத் தேய்ந்து, வரிப்பள்ளங்களில் செம்மண் ஏறி, மட்கார்டுக்கு அடியில் பொடிப்பொடியாகப் புளிய இலை ஒட்டியிருந்தது. அவர் இலையை விரலால் தட்டிவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கோட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"டயர் மாத்தணும் தங்கச்சி," என்றார். "இன்னும் ரொம்ப தூரம் இருக்கோ?"

சண்முகக்கனி முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"இப்பத்தான் ஓடைப் பாலம் தாண்டியிருக்கோம், அண்ணாச்சி," என்றாள்.